சாண வண்டுக்குத் தெரிந்த பால்வீதி

2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்திற்கு அருகே கரையைக் கடந்தபோது, பேராவூரணிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊரில் தோப்பு என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சவில்லை. அப்பாவும் பெரியப்பாவும் முப்பது ஆண்டுகளாக வளர்த்த தென்னைகள் வேரோடு சாய்ந்தும் நடுவில் முறிந்தும் கிடந்தன. மின்கம்பங்களும் அவற்றோடு விழுந்துவிட்டதால் மூன்று வாரம் ஆகியும் ஊருக்கு மின்சாரம் வரவில்லை. சென்னையிலிருந்து போயிருந்த நான் பகலெல்லாம் மரம் அறுப்பதிலும் தார்ப்பாய் கட்டுவதிலும் அப்பாவோடு நின்றுவிட்டு, இரவில் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வேன். கார்த்திகை மாத அமாவாசை இரவொன்றில் மேகம் முற்றிலும் விலகியிருந்தது. மட்டைகள் மறைத்திருந்த வானம், மறைப்பதற்கு மரமே இல்லாமல், நான்கு பக்கமும் தரை வரை இறங்கி வந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்த அப்பா, "அறுமீன் உச்சிக்கு வந்துருச்சு தம்பி, பதினொரு மணி இருக்கும், தூங்கு" என்றார். கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்; பத்து மணி ஐம்பத்தைந்து நிமிடம். கல்லணைக் கால்வாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய காலத்தில், கைக்கடிகாரம் வாங்க வசதியில்லாத இளைஞராக வயலில் இரவுக் காவல் கிடந்தபோது அவர் கற்ற கணக்கு அது. கார்த்திகை நட்சத்திரம் என்று பஞ்சாங்கம் சொல்லும் அந்த அறுமீனுக்கு வடகிழக்கே, வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலை வரை, தண்ணீர் கலந்த பாலைக் கறுப்புத் துணியில் சிந்தியதுபோல ஒரு வெளிறிய பட்டை படர்ந்து கிடந்தது. அதன் பெயர் பால்வீதி என்பது பள்ளிப் பாடத்திலேயே எனக்குத் தெரியும். என் வீட்டு வாசலிலிருந்து அதைக் கண்ணால் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

சென்னை திரும்பிய பிறகு அந்தப் பட்டையைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். விண்மீன்களின் பிறப்பு, விண்மீன் திரள்களின் சுழற்சி என்று போகும் என எதிர்பார்த்த அந்த வாசிப்பு, சில நாட்களிலேயே ஒரு வண்டிடம் போய் நின்றது. அன்று முதல் இந்த ஏழு எட்டு ஆண்டுகளாக, இரவு வானம் உயிரினங்களுக்கு எந்த வகையில் பயன்படுகிறது என்ற ஒரே கேள்வியைத்தான் நான் விடாமல் தொடர்ந்து வருகிறேன்.

அந்த வண்டு நமக்குப் புதியதன்று. மாட்டுத் தொழுவத்திற்குப் பின்னால், தன்னைவிடப் பெரிய சாணி உருண்டையைப் பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டு, தலை கீழாகவும் பின்பக்கம் மேலாகவும் நடந்துபோகும் சாண வண்டை, கிராமத்தில் பிறந்த எவரும் குச்சியால் மறித்து விளையாடியிருப்பார்கள். ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் யானையோ எருமையோ சாணமிட்ட சிறிது நேரத்தில் அந்தக் குவியலில் நூற்றுக்கணக்கான வண்டுகள் கூடிவிடுகின்றன. ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உருண்டையைத் திரட்டி, கூட்டத்திலிருந்து விலகிப்போய், மென்மையான மண்ணில் அதைப் புதைத்து உண்ண வேண்டும். பாடுபட்டு உருண்டை திரட்டுவதைவிட அடுத்ததன் உருண்டையைப் பறிப்பது எளிது என்பதால், குவியலுக்கு அருகில் தங்கும் வண்டு தன் உணவை இழக்கும். எனவே அது விலகிப் போகும் பாதை நேர்கோடாக இருந்தாக வேண்டும். வளைந்து போனால், சுற்றிக்கொண்டு மீண்டும் அந்தக் கொள்ளைக் கூட்டத்திடமே வந்து நிற்கும்.

பின்னோக்கி நடந்தவாறே, கரடுமுரடான தரையில், இருட்டில், அது எப்படி நேராகப் போகிறது என்பதுதான் கேள்வி. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு திடலில் நேராக நடந்து பார்த்தால், வெளியிலிருந்து ஒரு குறி இல்லாமல் நேர்கோடு என்பது எவ்வளவு கடினம் என்று விளங்கும். நாமும் சிறிது தூரத்திலேயே வளையத் தொடங்கிவிடுவோம். சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி டாக்கே என்ற உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் பல ஆண்டுகள் தென்னாப்பிரிக்காவிற்குப் போய் இந்தக் கேள்வியை ஆராய்ந்தனர். நிலவொளி வளிமண்டலத்தில் சிதறும்போது, ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும் தன்மையை ஓரளவு பெறுகின்றன. நம் கண்ணுக்குப் புலப்படாத அந்தத் தளவிளைவைச் சில சாண வண்டுகள் பார்த்துத் திசையறிகின்றன என்பதை அவர்கள் 2003இல் வெளியிட்டனர். வண்டு போகும் வழியில் ஒரு வடிகட்டியை வைத்து அந்தத் தளத்தைத் திருப்பினால் வண்டும் உடனே திரும்பியது. சூரிய ஒளியில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்கே இருக்கும் மங்கிய நிலவொளியில், அதிலும் சிறு பகுதியான ஒரு நுட்பத்தைப் பயன்படுத்தும் விலங்கு என்று அதற்கு முன் எதுவும் நிறுவப்பட்டிருக்கவில்லை.

நிலவு இல்லாத இரவில் இந்த வண்டுகள் தடுமாறும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அமாவாசை இரவிலும் அவை நேராகவே போயின. வானத்தில் எஞ்சியிருந்தவை விண்மீன்கள் மட்டுமே. இதைச் சோதிக்க அக்குழுவினர் செய்த காரியம் எளிமையானது. அறிவியலின் அழகை யாருக்காவது காட்ட நேர்ந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். வண்டின் தலைக்கு மேல் சிறு அட்டைத் தொப்பி ஒன்றைப் பொருத்தி, அது வானத்தைப் பார்க்க முடியாதபடி செய்தார்கள். தொப்பியின் எடையே வண்டைத் தடுமாற வைத்திருக்கலாம் என்ற ஐயம் எழும் அல்லவா? அதற்காக, வேறு சில வண்டுகளுக்கு ஒளி ஊடுருவும் தொப்பியைப் பொருத்தினார்கள். கண்ணாடிபோன்ற தொப்பி அணிந்தவை நேராகப் போயின. அட்டைத் தொப்பி அணிந்தவை சுற்றிச் சுற்றி வந்தன.

அடுத்ததாக வண்டுகளை ஜோகன்னஸ்பர்க் நகரின் கோளரங்கத்திற்குக் கொண்டு போனார்கள். நம் சென்னைக் கோட்டூர்புரத்தில் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போகிறோமே, அதே வகையான அரங்கம்தான். கவிகை வானத்தின்கீழே வட்டமான ஒரு மேடையை அமைத்து, சுற்றிலும் கறுப்புச் சுவர் எழுப்பி, நடுவில் வண்டையும் உருண்டையையும் வைத்து, விளிம்பை அடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். இருட்டில் வண்டு விளிம்பிலிருந்து விழும் ஓசைதான் அவர்களுக்கு அடையாளம். விண்மீன்கள் யாவும் ஒளிரும் வானத்தில் வண்டுகள் விரைவாக விளிம்பை அடைந்தன. பிரகாசமான சில விண்மீன்களை மட்டும் காட்டியபோது அவை தடுமாறின. எல்லா விண்மீன்களையும் அணைத்துவிட்டு, பால்வீதியின் மங்கலான பட்டையை மட்டும் விட்டுவைத்தபோது, முழு வானத்தின்கீழ் போனதற்கு ஏறத்தாழ ஒப்பாகவே போயின. 2013இல் வெளிவந்த இந்த ஆய்வுதான், ஒரு பூச்சி விண்மீன்களைக் கொண்டு திசையறிவதையும், ஒரு விலங்கு பால்வீதியையே வழிகாட்டியாகக் கொள்வதையும் முதன்முதலாக உறுதிப்படுத்தியது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசை அதே ஆண்டு வழங்கியவர்கள், உயிரியலையும் வானியலையும் ஒரே பிரிவாக இணைத்து அதை இக்குழுவினருக்கு அளித்தார்கள். அந்த இணைப்பு மிகப் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன்.

இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். வண்டு பால்வீதியைப் பார்த்து வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கிறது என்று பல செய்திகளில் எழுதினார்கள். உருண்டையை உருட்டிக்கொண்டு போகும் இந்த வண்டுக்கு வீடு கிடையாது. எந்தத் திசையில் போனாலும் அதற்குச் சம்மதமே. தேர்ந்த திசையிலிருந்து பிறழாமல் இருப்பதுதான் தேவை. உருட்டத் தொடங்குவதற்கு முன் அது உருண்டையின்மேல் ஏறி நின்று தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறது. நடனம் என்று ஆய்வாளர்கள் அழைக்கும் அந்தச் சுற்றில், அப்போதைய வானத்தின் ஒளியமைப்பை அது மனத்தில் பதித்துக்கொள்கிறது. பிறகு அந்தப் பதிவோடு கண்முன் உள்ள வானத்தை ஒப்பிட்டுக்கொண்டே நடக்கிறது. உருண்டை கைநழுவினாலும், தடை ஒன்றில் மோதினாலும், மறுபடியும் மேலே ஏறி ஒரு தடவை சுற்றிக்கொள்கிறது.

வண்டின் கூட்டுக்கண்ணுக்குத் தனித்தனி விண்மீன்களில் பெரும்பாலானவை தெரியா. மங்கிய ஒளியைச் சேர்த்துத் திரட்டுவதில் தேர்ந்த கண் அது; நுண்மையாகப் பிரித்துப் பார்ப்பதில் நம் கண்ணைவிடப் பலமடங்கு பின்தங்கியது. எனவே பல கோடி விண்மீன்களின் ஒளி ஒன்றாகக் குழைந்த அகன்ற பட்டை அதற்கு எளிதில் அகப்படுகிறது. பட்டையின் ஒரு முனை மற்ற முனையைவிடப் பிரகாசமாக இருப்பதையும் அது கண்டுகொள்கிறது என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் நாம் இருக்கும் இடம். நம் விண்மீன் திரள், தோசையைப் போலத் தட்டையான ஒரு வட்டு. அதன் குறுக்களவு ஏறத்தாழ 1,00,000 ஒளியாண்டுகள். சூரியக் குடும்பம் அதன் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில், வட்டுக்குள்ளேயே பதிந்து கிடக்கிறது. மையத்தை நோக்கிப் பார்த்தால் அடர்த்தியாகவும், வெளிவிளிம்பை நோக்கிப் பார்த்தால் வெளிறியும் தெரிகிறது. மையம் இருக்கும் திசை, தனுசு ராசியில் மூல நட்சத்திரத்திற்கு அருகில். தென்னாப்பிரிக்காவின் குளிர்கால இரவுகளில் அது ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே வந்துவிடுகிறது. எங்கள் தஞ்சை மாவட்டத்தில் தென்வானில் ஏறத்தாழ 51 பாகை உயரத்திற்கு மேல் ஏறாது. கார்த்திகை மாத இரவில் நான் எங்கள் வாசலில் படுத்துப் பார்த்தது, மையத்திற்கு நேர் எதிர்ப்புறமான வெளிவிளிம்புப் பக்கம். அதனால்தான் அவ்வளவு வெளிறியிருந்தது என்று இதைப் படித்த பிறகே புரிந்தது. பல ஆயிரம் ஆண்டுகள் பயணம் செய்து வந்த அந்த ஒளியை, அடுத்த வண்டிடமிருந்து சாணியைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பூச்சி பயன்படுத்துகிறது என்பதை நினைக்கும்தோறும் எனக்கு மனம் நெகிழ்கிறது.

வண்டுக்குச் சில நிமிட நேர்கோடு போதும். இரவெல்லாம் பறந்து, வாரக்கணக்கில் கண்டத்தைக் கடக்கும் பறவைக்கு அது போதாது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் இரவு முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. பறவைகள் விண்மீன்களைப் பார்க்கின்றன என்பதற்கான முதல் சான்றுகளை 1950களில் ஜெர்மனியில் பிரான்ஸ் சாவரும் எலியனோர் சாவரும் கோளரங்கத்தில் பறவைகளை வைத்துத் திரட்டினார்கள். அதை ஆழமாகக் கொண்டுபோனவர் அமெரிக்கரான ஸ்டீபன் எம்லன். அவர் எடுத்துக்கொண்டது இண்டிகோ பன்டிங் என்ற, நம் சிட்டுக்குருவியைவிடச் சிறிய நீலப் பறவை. கோடையில் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்திற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள் ஆகியவற்றுக்கு இரவில் பறந்து செல்வது அதன் வழக்கம்.

வலசைப் பருவம் வந்ததும், கூண்டில் இருக்கும் பறவைக்கும் இரவில் இருப்புக் கொள்ளாது. போக வேண்டிய திசையை நோக்கித் தாவிக்கொண்டே இருக்கும். எம்லன் தம் தந்தையோடு சேர்ந்து புனல் வடிவிலான ஒரு கூண்டை வடிவமைத்தார். அடியில் முத்திரை குத்தும் மை ஒற்றி, பக்கச் சுவர் முழுவதும் காகிதம், மேலே வானம். பறவை தாவும்போதெல்லாம் மை தோய்ந்த கால்தடம் காகிதத்தில் பதியும். காலையில் எந்தப் பக்கம் கறுத்திருக்கிறது என்று பார்த்தால் போதும். மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ட் நகரக் கோளரங்கத்தில் இந்தக் கூண்டுகளை வைத்து, செயற்கை வானத்தை வடக்கு தெற்காக மாற்றினார். பறவைகளும் திசை மாற்றித் தாவின. விண்மீன் கூட்டங்களை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்ததில், துருவ நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள பகுதிதான் அவற்றுக்கு முதன்மையானது என்று தெரிந்தது.

இதற்கு மேல் அவர் செய்த சோதனையைத் தமிழில் சொல்லும்போது அதற்குத் தனிச் சுவை கூடிவிடுகிறது. குஞ்சுகளைக் கூட்டிலிருந்து எடுத்துக் கையாலேயே வளர்த்தார். ஒரு பிரிவு வானத்தையே பார்க்காமல் வளர்ந்தது. மற்றொரு பிரிவு, துருவ நட்சத்திரத்தை மையமாகக் கொண்டு சுழலும் இயல்பான வானத்தைக் கோளரங்கத்தில் பார்த்து வளர்ந்தது. மூன்றாம் பிரிவுக்கு அவர் காட்டிய வானம், நாம் திருவாதிரை என்று அழைக்கும் செந்நிற விண்மீனை மையமாகக் கொண்டு சுழன்றது. இலையுதிர்காலம் வந்தபோது, வானமே காணாதவற்றுக்குத் திசை தெரியவில்லை. இயல்பான வானம் பார்த்தவை தெற்கு நோக்கித் தாவின. மூன்றாம் பிரிவுப் பறவைகள் திருவாதிரையை வடக்கு என்று கொண்டு, அதற்கு எதிர்த்திசையில் தாவின. எந்த விண்மீன் வடக்கைக் காட்டும் என்ற வரைபடம் பிறவியிலேயே அவற்றின் மூளையில் இல்லை. வானத்தில் எந்த இடம் அசையாமல் நிற்கிறதோ அதுவே வடக்கு என்று கற்றுக்கொள்ளும் திறன்தான் இருக்கிறது.

ஏன் இப்படி என்பதற்கு விடை வானியலில் இருக்கிறது. பூமியின் அச்சு, வேகம் தளரும் பம்பரத்தின் ஆணியைப் போல மெல்லத் தலைசுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள் ஆகும். அயனச் சலனம் என்று பஞ்சாங்கம் கணிப்பவர்கள் நன்கறிந்த நிகழ்வு இது. மார்ச் மாதத்தில் இரவும் பகலும் சமமாகும் நாளுக்கும், ஏப்ரலில் நாம் கொண்டாடும் சித்திரை முதல் நாளுக்கும் இடையே இன்று ஏறத்தாழ 24 நாள் இடைவெளி விழுந்திருப்பது இதனால்தான். அச்சு நகர்வதால் துருவ நட்சத்திரமும் மாறிக்கொண்டே வருகிறது. எகிப்தியர் பிரமிடுகளைக் கட்டிய காலத்தில் வடதுருவத்திற்கு அருகில் இருந்தது தூபன் என்ற வேறொரு விண்மீன். இன்னும் 12,000 ஆண்டுகள் அளவில் அபிஜித் என்ற விண்மீன் அந்த இடத்திற்கு அருகே வந்திருக்கும். பறவையினங்களின் வரலாற்றில் 12,000 ஆண்டுகள் சிறிய காலம். ஒரு குறிப்பிட்ட விண்மீனை மரபணுவில் எழுதி வைத்த பறவை, அந்தக் காலத்திற்குள் வழி தவறிப் போயிருக்கும். சுழற்சியைப் பார்த்துக் கற்கும் பறவைக்கு ஒவ்வொரு தலைமுறையிலும் வானம் புதிதாகப் பாடம் சொல்கிறது. அந்தப் பாடத்திற்குக் குஞ்சு தன் முதல் கோடையில் சில இரவுகளாவது விண்மீன் தெரியும் வானத்தின்கீழ் இருக்க வேண்டும். இதை நான் மறக்க முடியாமல் மனத்தில் வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் போகாங் அந்துப்பூச்சி பற்றிய ஆய்வு 2025 ஜூன் மாதம் வெளிவந்தது. சாண வண்டு ஆய்விலும் பங்குகொண்ட எரிக் வாரன்ட் இதிலும் இருக்கிறார். வசந்த காலத்தில் தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் சமவெளிகளில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் இந்தப் பூச்சி, 1,000 கிலோமீட்டர் வரை இரவில் பறந்து, ஆஸ்திரேலிய ஆல்ப்ஸ் மலையின் குளிர்ந்த குகைகளுக்குப் போய், கோடை முழுவதும் பாறைச் சுவரில் அசையாமல் அடங்கிக் கிடக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 17,000 பூச்சிகள் வரை ஓட்டுச் செதில்களைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இலையுதிர்காலத்தில் பிறந்த இடத்திற்கே திரும்பி, முட்டையிட்டு இறந்துவிடுகிறது. தாய் தந்தை வழி காட்டுவதற்கில்லை. ஒவ்வொரு பூச்சிக்கும் இது முதல் பயணம், அதுவே கடைசி. புவியின் காந்தப்புலத்தை நீக்கிய ஓர் அரங்கில் பூச்சியைப் பறக்கவிட்டு, மேலே இயல்பான விண்மீன் வானத்தைக் காட்டியபோது, அந்தப் பருவத்திற்கு உரிய திசையில் பறந்தது. வானத்தை 180 பாகை திருப்பியபோது தானும் எதிர்ப்பக்கம் திரும்பியது. விண்மீன்களை இடம் மாற்றிக் கலைத்துப் போட்டபோது திசை இழந்தது. அரிசி மணியைவிட மிகச் சிறிய மூளைக்குள், வானத்தின் திருப்பத்திற்கு ஏற்பத் துடிக்கும் நரம்பணுக்களையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

வானம் இவ்வளவு பேருக்கு இவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு தெருவிளக்கைப் பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது.

முதல் மழைக்குப் பிறகு ஈசல் புறப்பட்டு டியூப்லைட்டைச் சூழ்வதையும், விட்டில் விளக்கில் விழுவதையும் நம் முன்னோர் பழமொழியாகவே ஆக்கி வைத்திருக்கிறார்கள். பூச்சிகள் விளக்கை விரும்பி வருகின்றன, அல்லது நிலவென்று மயங்கி வருகின்றன என்றே நெடுங்காலம் விளக்கம் சொல்லப்பட்டது. 2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் அதிவேகக் கேமராவால் பூச்சிகளின் பறத்தலைப் படம்பிடித்து வேறொரு விளக்கத்தை முன்வைத்தார்கள். பல கோடி ஆண்டுகளாக, இரவில்கூட, வானம் தரையைவிட வெளிச்சமாகவே இருந்து வந்திருக்கிறது. எனவே பறக்கும் பூச்சி வெளிச்சமான பக்கத்திற்கு முதுகைக் காட்டித் தன் சமநிலையைப் பேணுகிறது. அருகில் விளக்கு எரிந்தால் அதுவே அதற்கு மேல்திசையாகிவிடுகிறது. விளக்குக்கு முதுகைக் காட்டச் சாய்கிறது, சாய்வதால் வளைகிறது, வளைந்து வளைந்து விளக்கையே சுற்றுகிறது. விளக்குக்கு மேலே பறந்தால் மல்லாந்து கீழே விழுகிறது. நேராக விளக்கை நோக்கி வந்த பூச்சிகள் குறைவு. அரளியில் வளரும் பருந்து அந்துப்பூச்சி போன்ற சில இனங்கள் இதில் அகப்படவில்லை என்பதையும் அவர்கள் குறித்திருக்கிறார்கள். பழமொழி விட்டிலின்மேல் ஏற்றிவைத்த ஆசை, அதனிடம் இருக்கவே இல்லை.

சாண வண்டையும் நகரத்திற்குக் கொண்டுவந்து பார்த்திருக்கிறார்கள். 2021இல் வெளிவந்த ஆய்வுக்காக ஜோகன்னஸ்பர்க் நகரில் ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் மொட்டை மாடியிலும், ஒளி குறைந்த நாட்டுப்புறத்திலும் வண்டுகளை உருட்டவிட்டார்கள். நாட்டுப்புறத்தில் ஒவ்வொன்றும் ஒரு திசையில் சிதறிப் போயின. நகரத்தில் விண்மீன்களைக் கைவிட்டு, கண்ணில் பட்ட கட்டட விளக்குகளை நோக்கிப் போயின; பாதை நேராகத்தான் இருந்தது, ஆனால் எல்லாம் ஒரே பக்கம் போனதால், எந்தக் கூட்டத்திடமிருந்து தப்ப வேண்டுமோ அந்தக் கூட்டத்தோடேயே சேர்ந்து போயின. விளக்கு நேரடியாகத் தெரியாமல், வானம் மட்டும் வெளுத்திருந்த இடத்தில் நிலைமை இன்னும் மோசம். பிடித்துக்கொள்ள விண்மீனும் இல்லை, விளக்கும் இல்லை. நகரத்தின் விளிம்பில் இருக்கும் ஊர்கள் எல்லாம் இன்று இந்த நிலையில்தான் இருக்கின்றன.

சென்னைக் கடற்கரையில் இதை நான் கண்ணாலேயே பார்த்தேன். மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் கடலாமைகள் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு குழியில் நூறு முட்டைக்குமேல் இட்டுச் செல்கின்றன. 1988 முதல் மாணவர்கள் அமைப்பு ஒன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடந்து, அந்த முட்டைகளை எடுத்து வேலியிட்ட இடத்தில் புதைத்துக் காத்துவருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் அவர்களோடு நானும் ஓர் இரவு நடந்தேன். எவர் கண்ணிலும் படாமல் தப்பிய ஒரு குழியிலிருந்து குஞ்சுகள் வெளிவந்துகொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்கும் அந்தக் குஞ்சுக்கு எந்த விண்மீனும் தெரிய வேண்டியதில்லை. தாழ்ந்த அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் போ என்ற ஒரே கட்டளைதான் அதற்கு உண்டு. மனிதன் விளக்கேற்றாத கடற்கரையில், வானொளியைப் பிரதிபலிக்கும் கடல்தான் வெளிச்சம். மணல்மேடும் மரங்களும் இருக்கும் நிலப்பக்கம் இருட்டு. அன்று நாங்கள் பார்த்தபோது, ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளும் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாலையோர விளக்குக் கம்பத்தை நோக்கி வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவற்றின் துடுப்புகள் மணலில் வரைந்த கோடுகள் யாவும் நகரத்தை நோக்கியே நீண்டிருந்தன. மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி வாளியில் இட்டு, அலை தொடும் ஈரமணலில் கொண்டுபோய் விட்டோம். எங்கள் கண்ணில் படாதவை எத்தனை என்று அந்த இரவு முழுவதும் எனக்கு உறக்கம் வரவில்லை.

உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர், தாங்கள் வாழும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண முடியாது என்று 2016இல் வெளியான ஒளிமாசு வரைபடம் கணக்கிட்டது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் தம் கண்ணால் பார்த்து அனுப்பிய 51,000க்கும் மேற்பட்ட குறிப்புகளைத் தொகுத்த ஆய்வு, இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு கூடிவருவதாகச் சொல்கிறது. 250 விண்மீன்கள் தெரியும் ஊரில் இன்று பிறக்கும் குழந்தைக்கு, 18 வயதாகும்போது அதே இடத்தில் 100 மட்டுமே தெரியும் என்பது அதன் பொருள். செயற்கைக்கோள்கள் அளந்த கணக்கைவிட இது மிக அதிகம். எல்இடி விளக்கின் வெள்ளொளியில் இருக்கும் நீலக்கூறை அந்தச் செயற்கைக்கோள் கருவிகள் காண்பதில்லை. வளிமண்டலத்தில் மிகுதியாகச் சிதறி வானத்தை வெளுக்கச் செய்வதோ அந்த நீலக்கூறுதான். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி இவ்வளவு சிதறாது. சிக்கனம் கருதி மஞ்சளை அகற்றி வெள்ளையை மாட்டியபோது, மின்சாரம் மிச்சமானது உண்மை. வானத்தின் கணக்கை யாரும் போடவில்லை.

மற்ற மாசுகளோடு ஒப்பிட்டால் இதற்கு ஒரு வேறுபாடு உண்டு. ஆற்றில் கலந்த சாயத்தை எடுக்கத் தலைமுறைகள் ஆகும்; விளக்கை அணைத்தால் அந்த நொடியே இருட்டு திரும்பிவிடும். அணைக்கவும் வேண்டியதில்லை. விளக்கின் ஒளி தரையில் மட்டும் விழும்படி மூடி போடுவது, வெள்ளைக்குப் பதில் மஞ்சள் சாயலுள்ள விளக்கைப் பயன்படுத்துவது, நள்ளிரவுக்குப் பிறகு மங்கச் செய்வது ஆகிய எளிய காரியங்களே போதும். நடப்பவருக்கு வேண்டியது சாலையில் விழும் ஒளி. பக்கவாட்டிலும் மேலேயும் போகும் ஒளியால் அவர் கண்தான் கூசுகிறது.

எங்கள் ஊருக்கு மின்சாரம் திரும்பி வந்தபோது, வாசலுக்கு எதிரே நட்ட புதுக் கம்பத்தில் வெள்ளை எல்இடி விளக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊராட்சியில் சொல்லி அனுமதி பெற்று, வெல்டிங் பட்டறையில் தகரத்தை வளைத்து அதற்கு ஒரு மூடி செய்து மாட்டினோம். தெரு முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்று எதிர்வீட்டு அத்தை சொன்னார். அவர் வீட்டுத் திண்ணையில் இரவெல்லாம் அடித்துக்கொண்டிருந்த வெளிச்சமும் நின்றது. சென்ற கார்த்திகை அமாவாசைக்கு ஊருக்குப் போயிருந்தேன். புயலுக்குப் பின் நட்ட தென்னைகள் கூரையைத் தாண்டி வளர்ந்திருந்தன. அப்பா கட்டிலை அவற்றின் நிழல் விழாத இடமாகப் பார்த்து இழுத்துப் போட்டுப் படுத்தார். அறுமீன் தெரிந்தது, எண்ணிப் பார்த்ததில் எனக்கு ஐந்துதான் கிடைத்தது. வடகிழக்கே பட்டை இருக்க வேண்டிய இடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைத்தெருப் பக்கமிருந்து வந்த வெளுப்பு, கீழ்வானில் பாதி உயரம் வரை ஏறியிருந்தது. "அங்க எத்தனை விளக்கு இருக்கும் தம்பி?" என்று அப்பா கேட்டார். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் எண்ணி வந்தேன். மூடி இல்லாதவை நாற்பத்து மூன்று.